லேமினேஷன் அக்கா வரைந்த குதிரைகள்

அந்த அக்கா என்னோடு நன்றாக ஒரு சண்டை போட்டிருந்தால் இத்தனை வருடம் அவரை மனதில் சுமந்துகொண்டு திரிந்திருக்க மாட்டேன். ஒரே கடையில் இரண்டு வருடம் அவரோடு வேலை பார்த்தேன். அவர் வாயிலிருந்து நான் அதிகம் கேட்டது 'சரிங்க மிஸ்' என்ற இரண்டு சொற்களைத்தான். அதை அவர் சலிப்பாகவோ பயந்தோ சொல்லமாட்டார். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரருக்கு நகர்ந்து இடம் கொடுப்பதுபோல இயல்பாகச் சொல்வார். சொன்னதோடு நிற்காமல் செய்தும் விடுவார். எனக்கு எரிச்சல் வந்ததே அதனால்தான்.

எங்கள் அச்சுக்கடை ஹட்டன் பஸ் நிலையத்துக்கு மேலே, எப்போதும் ஈரமாக வழுக்கும் ஒரு படிக்கட்டின் உச்சியில் இருந்தது. போட்டோ கொப்பி, கலியாணப் பத்திரிகை, கோயில் திருவிழா பேனர், செத்த வீட்டுக் கண்ணீர் அஞ்சலி, எல்லாம் அங்கேதான். கண்டியில் கணினி வடிவமைப்பு டிப்ளோமா முடித்த கையோடு நான் அங்கே சேர்ந்தேன். அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. அக்காவுக்கு முப்பத்தைந்து இருக்கும். லிந்துலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் லயத்து வீட்டிலிருந்து காலை பஸ்ஸில் வருவார். கடை கூட்டுவது, தேத்தண்ணி ஊற்றுவது, காகிதம் வெட்டுவது, லேமினேஷன் செய்வது அவர் வேலை. வாடிக்கையாளர்கள் 'லேமினேஷன் அக்கா' என்று கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். நாங்களும் அப்படியே.

தோட்டத்துச் சனங்கள் பிறப்புச் சான்றிதழைப் பொலித்தீன் பைக்குள் நாலாக மடித்து, மழையில் நடந்து கொண்டுவருவார்கள். அக்கா அதை வாங்கியதும் மெஷினுக்குள் விடமாட்டார். மேசையில் விரித்து, உள்ளங்கையால் மெதுவாகத் தடவித் தடவி ஈரத்தை எடுப்பார். "ஈரத்தோட போட்டா உள்ளுக்குள்ளேயே பூசணம் புடிச்சிரும்" என்பார். காகிதத்தோடு அவருக்கு இருந்த அந்தப் பொறுமை எனக்குப் பிடிக்கும்.

மற்ற எதுவும் பிடிக்காது. ஒருநாள் காலையில் முதலாளி, வெட்டும் மெஷினை வாசல் பக்கம் வைக்கச் சொன்னார். அக்கா இழுத்துக்கொண்டுபோய் வைத்தார். வெளிச்சம் பத்தாது என்று நான் அதை உள்ளே வைக்கச் சொன்னேன். "சரிங்க மிஸ்" என்று உள்ளே வைத்தார். சாப்பிட்டு வந்த முதலாளி முறைத்தார். திரும்ப வாசல். அந்த இரும்பு மெஷின் ஒரே நாளில் மூன்று தடவை கடையைச் சுற்றி வந்தது. "மிஸ் உள்ளுக்கு வைக்கச் சொன்னாங்க" என்று அவர் முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்று நான் அவரைத் திட்டினேன். அதற்கும் சரிங்க மிஸ்தான்.

அவர் வரைவார் என்பது தற்செயலாகத்தான் தெரியவந்தது. ஒரு மத்தியானம் அவருடைய போன் லேமினேஷன் மெஷின் பக்கத்தில் சார்ஜில் கிடந்தது. மணி அடித்ததும் எடுத்துக் கொடுக்கப் போனேன். அழைப்பு நின்றதும் திரையில் ஒரு குதிரை தெரிந்தது. இலவச செயலி ஒன்றில் விரலால் வரைந்தது. ஒரு மூலையில் கண்ணாடி கீறியிருந்தது. அந்தக் கீறலையும் தாண்டி குதிரை என்னைப் பார்த்தது. தள்ளிப் பார்த்தால் இன்னொன்று, இன்னொன்று. முப்பது நாற்பது இருக்கும். எல்லாமே குதிரைகள். கழுத்தை நீட்டிப் புல் மேய்வது, மழையில் முதுகைக் குறுக்கி நிற்பது, வேலிக் கம்பியில் தாடையைச் சொறிவது.

"அக்கா, இதெல்லாம் நீங்களா வரைஞ்சீங்க?"

அவர் போனை வாங்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். "சும்மாங்க மிஸ். பஸ்ல வாறப்ப."

எனக்கு ஒரே சந்தோஷம். முதலாளியிடம் பேசி, கடையின் இரண்டாவது கணினியைச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா பயன்படுத்த ஏற்பாடு செய்தேன். எழுதுகோலால் வரைகிற பலகை ஒன்று கடையில் தூசி படிந்து கிடந்தது. அதைத் துடைத்து எப்படிப் பிடிப்பது என்று காட்டினேன். ஒரு கிழமைக்குள் பிடித்துக்கொண்டார். பிறகு நான் என் வேலையைத் தொடங்கினேன். குறை சொல்லும் வேலை.

டிப்ளோமா வகுப்பில் எங்களுக்கு ஒரு முறை சொல்லித் தந்திருந்தார்கள். ஒருவருடைய படத்தைப் பார்த்தால் முதலில் ஒரு நல்லதைச் சொல், பிறகு திருத்த வேண்டியதைச் சொல், கடைசியில் மறுபடி ஒரு நல்லதைச் சொல். அப்போதுதான் வரைந்தவர் மனம் நோகாது, படமும் திருந்தும். நான் அதை அக்காவிடம் சுத்தமாகச் செய்தேன். "நிறம் நல்லாருக்கு அக்கா. கழுத்து கொஞ்சம் நீளம். வால் ரொம்ப உயிரா இருக்கு." அவர் காதில் நடுவில் இருந்தது மட்டும்தான் விழும். "கழுத்தக் கொறைக்கணும். சரிங்க மிஸ்." மறுநாள் கழுத்து குறைந்திருக்கும். கூடவே, நல்லது என்று நான் சொன்ன வாலிலிருந்த ஏதோ ஒன்றும் போயிருக்கும். எது போனது என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

இணையத்தில் படம் வரைகிறவர்கள் கூடுகிற குழு ஒன்றில் அவரைச் சேர்த்துவிட்டதும் நான்தான். நாலு பேர் பார்த்துச் சொன்னால் கை தேறும் என்று நினைத்தேன். மழையில் நிற்கும் குதிரையை அவர் அதில் போட்டார். ஒருவர், குதிரை வெள்ளையாக இருந்தால் எடுப்பாக இருக்கும் என்று எழுதினார். அக்கா வெள்ளையாக்கினார். பிடரி மயிர் பறக்கட்டும் என்றார் இன்னொருவர். மழையில் நனைந்து ஒட்டியிருந்த பிடரி காற்றில் பறந்தது. பின்னால் சூரியன் மறைந்தால் அழகு என்றார் ஒரு பெண். மழையும் பெய்தது, சூரியனும் மறைந்தது. நாலாம் நாள் அது தைப்பொங்கலுக்குக் கடைகளில் சும்மா கொடுக்கும் கலண்டர் படம்போல ஆகிவிட்டது. நிறைய பேர் அதற்கு இதயம் போட்டிருந்தார்கள்.

"யாரு என்ன சொன்னாலும் மாத்துவீங்களா?" என்று கத்தினேன்.

"அவங்களுக்குத் தெரியும்தானேங்க மிஸ்."

"உங்களுக்கு எது புடிச்சிருக்கு? மொதல்ல வரைஞ்சதா, இதுவா?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். கேள்வி விளங்காமல் யோசிக்கிற முகம் அது. "மலையில நிக்கிறப்ப எனக்கு எந்த நெர புடிக்கும்னு யாரும் கேட்டதில்லைங்க. கங்காணி இதுல போன்னா அதுல போவோம்" என்றார். தேயிலைச் செடிகளின் எந்த வரிசையில் கொழுந்து பறிப்பது என்பதைச் சொல்கிறார். எட்டாம் வகுப்போடு மலைக்குப் போனவர். எனக்கு அது விளங்கியது. விளங்கியும் கோபம் குறையவில்லை.

அந்தக் கோபத்தில்தான் ஒருநாள் அப்படிச் சொன்னேன். பெரிய பெண் குதிரை ஒன்று பக்கவாட்டில் நிற்கும் படம். நல்ல படம். அவர் பலகையை என் பக்கம் தள்ளி, "பாத்து சொல்லுங்க மிஸ்" என்று காத்திருந்தார். எது சொன்னாலும் செய்வார் என்ற நினைப்பே என்னைக் கடுப்பேற்றியது.

"அஞ்சாவதா ஒரு கால் வையுங்க" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். "சரிங்க மிஸ்" என்றார்.

மறுநாள் அந்தக் குதிரைக்குக் கீழே ஐந்தாவது கால் இருந்தது. மெலிந்த கால், முழங்கால் மட்டும் பெரிதாக. அந்தக் காலின் வழியே மேலே பார்த்தேன். தாய்க்குதிரையின் வால் பக்கத்தில் ஒரு சின்ன மூக்கு நீட்டிக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு குட்டி நிற்கிறது. அதன் மற்றக் கால்களைத் தாயின் கால்கள் மறைத்துவிட்டன.

"ஒரு குதிரைக்கு அஞ்சு கால் வராதுங்க மிஸ். அதான் இன்னொன்ன நிப்பாட்டினேன்" என்றார் அக்கா. மன்னிப்புக் கேட்கிற குரலில்.

அன்றைக்காவது நான் விழித்திருக்க வேண்டும். ஒரு குட்டி தாயின் எந்தப் பக்கத்தில் ஒட்டி நிற்கும், எந்த உயரத்தில் மூக்கு வரும் என்று இந்த மனுஷிக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "குட்டியோட மூக்கு கொஞ்சம் பெருசா இருக்கே அக்கா."

"சரிங்க மிஸ்."

அடுத்த மாதம் நுவரெலியாவிலிருந்து ஒரு விடுதி மனேஜர் வந்தார். சிங்களவர். ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிற தங்கள் விடுதியின் முன்மண்டபச் சுவருக்குப் பெரிய குதிரைப் படம் ஒன்று வேண்டும் என்றார். இணையத்திலிருந்து எடுத்தது வேண்டாம், புதிதாக வரைந்தது வேண்டும். முதலாளி என்னைப் பார்த்தார். நான் அக்காவைக் காட்டினேன். மனேஜர் அவருடைய படங்களைப் பார்த்துத் தலையாட்டினார். அவர் போன பிறகு முதலாளி அக்காவிடம், "இது மட்டும் சரியா வந்தா நீ இனி அந்த ரெண்டாவது கம்பியூட்டர்லயே ஒக்காந்துக்கம்மா. லேமினேஷனுக்கு வேற ஆள் பாப்போம்" என்றார். அக்கா தரையைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்வார்.

அந்தப் படத்தின் முதல் வரைவு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஒரு மண்ணிறக் குதிரை சும்மா நிற்கிறது. தலை தாழ்ந்திருக்கிறது. பின்னங்கால் ஒன்றை மடக்கி, குளம்பின் நுனி மட்டும் தரையில் படுகிற மாதிரி வைத்திருக்கிறது. ஒரு காது முன்னுக்கும் மற்றது பின்னுக்கும் திரும்பியிருக்கிறது. அவ்வளவுதான். ஆனால் அதைப் பார்த்தால் மெதுவாகப் பேசத் தோன்றும்.

"உடம்பு ரொம்ப நல்லா வந்திருக்கு அக்கா" என்று ஆரம்பித்தேன். "அந்தப் பின்னங்கால் ஒடைஞ்ச மாதிரி இருக்கு. நேரா ஊன்ட வையுங்க. காது ரெண்டும் ஒரே பக்கம் இருக்கட்டும். நெறம் அருமை." இணையத்தில் எலும்புப் படங்களை எடுத்துக் காட்டிப் பாடமும் நடத்தினேன். கால் நேரானது. காதுகள் முன்னுக்கு வந்தன. முதலாளி வந்து பார்த்து, நெஞ்சு இன்னும் அகலமாக இருக்கட்டும் என்றார். அகலமானது. நாங்கள் போனில் அனுப்பியதை மனேஜர் பார்த்துவிட்டு, தலை நிமிர்ந்திருந்தால் நல்லது என்றார். பிறகு முன்னங்கால் இரண்டையும் தூக்கட்டும் என்றார். பிறகு பிடரியில் பொன்னிறம். ஒவ்வொன்றுக்கும் அக்கா சரி என்றார். ஒவ்வொன்றையும் கைத்திறமையோடு செய்தார். கடைசியில் பெரிதாக அச்சடித்துச் சுருட்டி வைத்தோம்.

அதை மாட்டுவதற்கு ஒரு வாடகை வான் பிடித்து நாங்கள் மூன்று பேரும் நுவரெலியாவுக்குப் போனோம். மனேஜர் வர நேரமாகும் என்றார்கள். முதலாளி வான் இருக்கையிலேயே தூங்கிப்போனார். நானும் அக்காவும் ஏரிக்கரையில் தேத்தண்ணி குடிக்கப் போனோம். அங்கே பிள்ளைகளை ஏற்றிச் சவாரி விடுகிற குதிரைகள் நாலைந்து நின்றன. கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த நடுத்தர வயதுக்காரர் ஒருவர் அக்காவைக் கண்டதும் குரல் கொடுத்தார்.

"அட, நம்ம புள்ளையா! எங்க இந்தப் பக்கம்?"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "கடை வேலையா வந்தேங்க அண்ணே. நல்லா இருக்கீங்களா?"

அவர் என் பக்கம் திரும்பினார். "நாலு வருசம் இதுகளுக்குப் புல்லு வெட்டிப் போட்டது, குளிப்பாட்டினது எல்லாம் இவதாங்க. இவ சத்தம் கேட்டா அந்தா அங்க நிக்கிறதுகூட தலையத் திருப்பும்."

நான் குதிரைகளைப் பார்த்தேன். அருகில் நின்ற மண்ணிறக் குதிரை தலையைத் தாழ்த்தி, பின்னங்கால் ஒன்றை மடக்கி, குளம்பின் நுனியை மட்டும் தரையில் வைத்து இளைப்பாறிக்கொண்டிருந்தது. ஒரு காது எங்கள் பக்கம். மற்றக் காது பின்னால் ஓடுகிற மோட்டார் படகின் சத்தத்துக்குத் திரும்பியிருந்தது. அடுத்த குதிரையும் அப்படித்தான் நின்றது.

தேத்தண்ணிக் கோப்பை என் கையில் சுட்டது. "அக்கா, அந்தக் கால் அப்படித்தான் இருக்கும்னு நீங்க ஏன் சொல்லல?"

"நீங்க தப்புன்னு சொன்னீங்களேங்க மிஸ்."

"நான் குதிரையத் தொட்டதே இல்ல! இன்னைக்குத்தான் இவ்வளவு கிட்டத்துல பாக்குறேன். நீங்க நாலு வருசம் இதுங்களோட இருந்திருக்கீங்க. ஒரு வார்த்த சொன்னா என்ன?"

"நீங்க படிச்சவங்க. புத்தகத்துல படத்தோட காட்டுனீங்க. நான் பாத்தது இந்த நாலஞ்சு குதிரைதான். மத்த குதிரைங்க எல்லாம் வேற மாதிரி நிக்குமோ என்னமோன்னு..." என்று இழுத்தார்.

ஆத்திரத்தில் அழுகை வந்தது எனக்கு. அவர் மேல் வந்ததா, என் மேல் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. வானுக்குள் சுருட்டி வைத்திருந்த குதிரை நாலு பேர் சொன்ன குதிரை. அதை இனி மாற்ற நேரமில்லை.

மனேஜர் வந்து படத்தை விரித்துப் பார்த்தார். அவர் கேட்டதெல்லாம் அதில் இருந்தது. தூக்கிய கால்கள், பொன்னிறப் பிடரி, அகன்ற நெஞ்சு. தள்ளி நின்றும் ஒருமுறை பார்த்தார். பிறகு சிங்களத்தில், "அழகுதான். ஆனால் இதை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன்" என்றார். காசைக் கொடுத்துவிட்டார். படத்தை முன்மண்டபத்தில் மாட்டச் சொல்லவில்லை. பின்னால் வாகனம் நிறுத்துகிற இடத்துக்குப் போகிற நடையில் மாட்டச் சொன்னார். அக்காதான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

திரும்பி வரும்போது முதலாளி முன் இருக்கையிலிருந்து, "கொப்பியடிச்ச மாதிரி இருக்குன்னுட்டாரு மனுசன். இந்தாம்மா, ஒனக்கு லேமினேஷனே போதும். கம்பியூட்டர் வேலையெல்லாம் படிச்சவங்க பாத்துக்கட்டும்" என்றார்.

அந்தப் பின்னங்காலை மாற்றச் சொன்னது நான். காதைத் திருப்பச் சொன்னதும் நான். நெஞ்சை அகலமாக்கச் சொன்னது முதலாளியேதான். இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். தலவாக்கலை தாண்டி, கொட்டகலை தாண்டி, ஹட்டன் வரும்வரை என் வாய் திறக்கவில்லை.

அக்கா, "சரிங்க முதலாளி" என்றார்.

அதற்குப் பிறகு நான் குறை சொல்வதை நிறுத்திக்கொண்டேன். கேள்வி மட்டும் கேட்பது என்று வைத்துக்கொண்டேன். முதலாளி இல்லாத நேரத்தில் அவரை இரண்டாவது கணினியில் உட்கார வைப்பேன். "இது எந்தக் குதிரை அக்கா? இது இப்ப என்ன செய்யுது?" என்று கேட்பேன். அவர் பதில் சொல்வதற்கு முன் என் முகத்தைப் பார்ப்பார். எந்தப் பதில் எனக்கு வேண்டும் என்று தேடுவார். பொறுக்க முடியாமல் ஒருநாள், "நான் சொல்றது தப்புன்னு ஒரு தடவ சொல்லுங்க பாப்போம்" என்றேன்.

"சரிங்க மிஸ். தப்புங்க" என்றார்.

நான் மேசையில் தலையை வைத்துக்கொண்டேன். அவர் எழுந்துபோய் எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார்.

மழைக்காலத்தில் ஒருநாள். மின்சாரம் போய் வந்திருந்தது, கடையில் ஆட்கள் இல்லை. அக்கா ஒரு படம் வரைந்துகொண்டிருந்தார். நான் வழக்கம்போல அவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். ஒரு சின்னக் குதிரை ஈரத் தரையில் படுத்திருந்தது, படத்தின் வலது ஓரத்தில் ஒதுங்கி. தலை இடது பக்கமாக நீண்டு கிடந்தது. அந்தத் தலைக்கு முன்னால் பாதிப் படம் வெறுமையாக இருந்தது. ஒரு புல்கூட இல்லை.

குறை சொல்லக்கூடாது என்று நான் போட்ட சட்டம் எனக்கே மறந்துபோனது. "கண்ணுல ஒரு வெள்ளப் புள்ளி வையுங்க அக்கா. இல்லாட்டி செத்த கண்ணு மாதிரி இருக்கும்."

"செத்துருச்சுங்க மிஸ்."

 என்ன பேசுவதென்று தெரியாதபோது மனிதர் பழகியதையே பேசுவார்கள்போல. "அப்ப இந்தப் பக்கம் ஏன் இவ்வளவு வெத்தாக் கெடக்கு? குதிரையக் கொஞ்சம் நடுவுக்கு எடுத்தா..."

"வேணாங்க" என்றார்.

முதலில் எனக்கு அது உறைக்கவேயில்லை. அவர் எழுதுகோலைப் பலகைமேல் வைத்தார். அந்த வெறுமையான இடத்தை விரலால் தொட்டார்.

"அது நான் இருந்த எடங்க மிஸ்."

பிறகு அவராகவே சொன்னார். திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். சவாரி போன குதிரை, மழையில் வழுக்கி ரோட்டோரக் கானுக்குள் விழுந்துவிட்டது. கால் போய்விட்டது. மேலே தூக்கிப் போட்டார்கள். மிருக டாக்டருக்கு ஆள் போனது. அக்கா தரையில் உட்கார்ந்து அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டார். அது நடுங்கியது. அக்கா காதுக்குப் பின்னால் தடவிக்கொடுக்கக் கொடுக்க நடுக்கம் குறைந்தது.

"சவாரிக்குப் புள்ளைங்க நிக்குதுங்க. குதிரைங்களோட சொந்தக்காரரு, 'நீ போய் அடுத்த குதிரையப் புடி, இத நான் பாத்துக்கிறேன்'ன்னாரு. சரிங்கன்னு எந்திரிச்சுப் போயிட்டேன். தலையத் தரையில வச்சிட்டுப் போயிட்டேன். ஒரு சுத்து, ரெண்டு சுத்து. திரும்பி வந்தா அது கண்ணத் தொறந்துகிட்டே கெடக்கு. இந்தப் பக்கம் பாத்துகிட்டு."

அவர் அழவில்லை. "போகமாட்டேன்னு சொல்லியிருக்கலாம். சொன்னா அடிச்சிருக்கவா போறாங்க?" என்றார். என்னிடம் கேட்டதுபோல இல்லை. அந்த மாதத்தோடு குதிரை வேலையை விட்டு வந்துவிட்டாராம்.

அந்தப் படத்தில் திருத்த ஒன்றும் இல்லை.  அதை விட நல்ல படம் ஒன்றை நான் இதுவரை பக்கத்தில் இருந்து பார்த்ததில்லை. அதை அவரிடம் சொன்னேனா என்றால், இல்லை. வெளியே யாரோ படியேறி வருகிற சத்தம் கேட்டது. அவர் படத்தைச் சேமித்து மூடிவிட்டு லேமினேஷன் மெஷினுக்குப் போய்விட்டார்.

இரண்டு மாதம் கழித்து அவருடைய கணவருக்கு வலப்பனைப் பக்கம் மரக்கறித் தோட்டத்தில் வேலை கிடைத்தது. குடும்பத்தோடு போகிறோம் என்றார். கடைசி நாள் முதலாளி, "கம்பியூட்டர் மெதுவா ஓடுது. ஒன் குதிரைங்க எல்லாத்தையும் அழிச்சிட்டுப் போம்மா" என்றார். எனக்கு அன்று கலியாணப் பத்திரிகை அவசரம். அக்கா இரண்டாவது கணினியில் உட்கார்ந்து அழித்துக்கொண்டிருந்ததை ஓரக்கண்ணால் பார்த்தேன். யார் என்ன சொன்னாலும் வளைந்துகொடுக்கிற அந்த முதுகைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம் பொங்கியது. எழுந்துபோய்த் தடுக்கவில்லை. பிறகு அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். போன் நம்பரும் அன்றோடு மாறிவிட்டது.

அவர் போன மறுநாள் அவருடைய கோப்புறையைத் திறந்தேன். மழைக் குதிரை, குட்டியோடு நின்ற தாய், விடுதிப் படத்தின் அத்தனை வரைவுகள், எல்லாம் போயிருந்தன. ஒன்று மட்டும் இருந்தது. ஈரத் தரையில் படுத்திருந்த சின்னக் குதிரை. அதற்குப் புதிதாகப் பெயர் வைத்திருந்தார். கணினியில் தமிழ் எழுத்து அடிக்க அவருக்குப் பழக்கமில்லை. ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடித்திருக்க வேண்டும்.

'அழிக்க வேணாம்' என்று இருந்தது.

பார்த்துக்கொண்டிருந்தபோதே முதலாளி பின்னால் வந்து நின்றார். "என்ன, இன்னும் ஒன்னு கெடக்கு? எல்லாத்தையும் அழிக்கச் சொன்னேனே. நீ அழிச்சிடு."

"இல்லங்க முதலாளி. இது இருக்கட்டும்" என்றேன்.  "அந்த விடுதிப் படத்துல காலையும் காதையும் கெடுத்தது நான்தான். அக்கா இல்ல."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அதுக்கு இப்ப என்ன?" என்றார். போன் அடித்தது. எடுத்துப் பேசிக்கொண்டே வாசல் பக்கம் போய்விட்டார்.

அவ்வளவுதான் நடந்தது. நான் திரையின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். இவ்வளவுதானா, இதற்கா அன்றைக்கு ஹட்டன் வரை வாயை மூடிக்கொண்டு வந்தேன் என்று நினைத்தேன். வலப்பனை பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்தேன். வலப்பனையில் எந்தத் தோட்டம் என்று நான் அவரிடம் கேட்டு வைத்திருக்கவே இல்லை.